நாள் தள்ளிப் போயிருக்கிறதா? மறைக்காதீர்கள், முதலில் எண்ணுங்கள்



இம்மாதச் சுகாதாரப் பாடம் கொஞ்சம் சங்கடமான பாடம். குழாயடியில் குசுகுசுவென்று பேசுவோம். கூட்டத்தில் எழுந்து கேட்க மாட்டோம். எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதே அது. ஆண்களும் இதைப் படிக்க வேண்டும். கரு ஒருத்தியால் மட்டும் உண்டாவதில்லை.

இது கல்யாணமாகாத பெண்ணுக்கு மட்டும் வருகிற சங்கதி என்று எண்ண வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் வருகிறது. நாற்பதைத் தாண்டி, "இனி எங்கே வரப்போகிறது" என்று அசந்திருக்கும் அம்மாவுக்கும் வருகிறது. காதலித்தவன் கைவிட்ட பெண்ணுக்கும், பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கும், பெர்மிட்டில் கடல் கடந்து வந்து செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கும் பெண்ணுக்கும் வருகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் நம் மக்கள் எத்தனையோ பேர் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் போன்ற இடங்களில் குடியேறினார்கள். பலகை வீடு போய் இப்போது அடுக்குமாடி. தோட்டத்தில் மிஸ்ஸியும் டிரசரும் லயத்து வாசலுக்கே வருவார்கள், ரகசியம் தங்காது. அடுக்குமாடியில் ரகசியம் தங்கும். ஆனால் உதவி தானாக வந்து கதவைத் தட்டாது. நாம்தான் தேடிப் போக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

ஒரு தங்கை நம் மாதர் பகுதி அக்காவிடம் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, ரெண்டு மாசமா வரல. வீட்டுல யாருக்கும் தெரியாது. பக்கத்து புளோக்ல ஒரு அம்மா ஏதோ கஷாயம் தர்றாங்களாம். குடிச்சிடட்டுமா?"

"கஷாயம் கிடக்கட்டும். கடைசியா தூரமானது எந்தத் தேதி?"

"தீபாவளிக்கு மூணு நாள் முந்தி."

"இப்ப பொங்கலே வரப்போகுது. அப்படின்னா பத்து வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. பரிசோதனை பண்ணினியா?"

"இல்லக்கா. பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும், தப்பில்ல. பயந்துகிட்டே கிளினிக்குப் போவோம். நான் கூட வர்றேன்."

அக்கா திட்டவில்லை, "யாருடி அவன்?" என்று முதல் கேள்வியாகக் கேட்கவும் இல்லை. தேதியைத்தான் கேட்டாள். அந்த அக்காவுக்குத் தெரிந்த விஷயம் இதுதான்: இந்தக் காரியத்தில் மறைக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு வழியை அடைத்துவிடும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். முற்றுவதற்கு முன்னால் வாயைத் திறந்தால் நமக்கு மூன்று வழி இருக்கும். முற்றியபின் திறந்தால் வழி குறைந்துவிடும்.

முதல் படி: நாளை எண்ணுவது

கருவின் வயதைச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் எண்ணுவார்கள். அதிலிருந்து 40 வாரம் பிரசவக் கணக்கு. அதனால்தான் "ரெண்டு மாசம்தான்" என்று நாம் நினைப்பது டாக்டர் கணக்கில் பத்து வாரமாக இருக்கிறது.

நாள் தள்ளிப்போன உடனேயே சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்துக் கடையில் விற்கும் பரிசோதனைப் பட்டையை வீட்டிலேயே காலைச் சிறுநீரில் வைத்துப் பார்க்கலாம். 'இல்லை' என்று காட்டி, அதன்பிறகும் தூரம் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 'ஆம்' என்று காட்டினால் கிளினிக்குக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். கரு எத்தனை வாரம், கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பது ஸ்கேனில்தான் தெரியும். சிலருக்குக் கரு குழாயில் தங்கிவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம், தோள்பட்டை முனையில் வலி, கொஞ்சம் உதிரப்போக்கு, இவையெல்லாம் அதன் அடையாளம். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னும் நாள் தள்ளிப்போகவில்லை, நேற்றோ முந்தாநாளோதான் தவறு நடந்தது என்றால் இன்னொரு உதவி உண்டு. அவசரத் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம், சாப்பிட வேண்டும். ஐந்து நாளுக்குள் டாக்டர் கொப்பர் வளையம் வைத்தும் தடுக்கலாம். ஆனால் இம்மாத்திரை கரு தங்காமல் தடுக்குமே தவிர, தங்கிய கருவைக் கலைக்காது. இரண்டு மாதம் கழித்து நாலைந்தாக விழுங்கினால் வாந்திதான் மிச்சம்.

இரண்டாம் படி: மூன்று வழிகளையும் தெரிந்துகொள்வது

வழி ஒன்று: பெற்று வளர்ப்பது. "வேலை போயிடுமே, சோத்துக்கு என்ன பண்றது?" என்ற பயத்தில் முடிவெடுப்பவர்கள் பலர். அந்தப் பயத்துக்கு முதலில் சட்டத்தில் பதில் பார்ப்போம். 1955ஆம் ஆண்டு எம்ப்ளாய்மெண்ட் சட்டப்படி பிரசவ விடுமுறை உண்டு. முன்பு 60 நாளாக இருந்தது 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாக உயர்ந்திருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்து, முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருந்தால் சம்பளமும் கிடைக்கும். உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் சம்பளம் இல்லை, விடுமுறை மட்டும் உண்டு. கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்துவது சட்டப்படி குற்றம். இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் "பெண் ஊழியர்" என்றுதான் சொல்கிறது. தாலி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கிராணியோ மேனேஜரோ வேறு விதமாகச் சொன்னால் உடனே சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

பெறுவது என்று முடிவானால் அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் சீக்கிரமே பெயர் கொடுங்கள். ரத்தச் சோகையைப் பார்ப்பார்கள்; இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள்; பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள். களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டர் கடிதத்தோடு வேலை மாற்றிக் கேளுங்கள். பாரகுவாட் 2020 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் தண்ணீர் என்று ஆகிவிடாது.

கல்யாணமாகாத தாய் மலேசியக் குடிமகளாக இருந்து, பிள்ளை இங்கே பிறந்தால், பிள்ளையும் தாயைப் பின்பற்றிக் குடியுரிமை பெறும். தகப்பன் பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். "அப்பன் பேர் இல்லாமல் எப்படிப் பதிவது" என்று வெட்கப்பட்டுப் பதியாமல் விடுவதுதான் பிள்ளைக்குச் செய்யும் பெரிய கேடு. ஐ.சி. இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் படும் பாடு நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமாகக் கோயிலில் தாலி கட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, பதிவு செய்த திருமணம்தான் திருமணம். முக்கியமாக, பெண் வெளிநாட்டவளாக இருந்து பதிவும் இல்லையென்றால், தகப்பன் மலேசியனாக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. தாலியோடு பதிவையும் செய்யுங்கள்.

வழி இரண்டு: பெற்று, முறைப்படி தத்துக் கொடுப்பது. நம் குடும்பங்களில் பிள்ளை இல்லாத அக்காவுக்கோ அண்ணிக்கோ பிள்ளையைக் கொடுப்பது பழக்கத்தில் உள்ளதுதான். கொடுப்பதில் தவறில்லை. பத்திரம் இல்லாமல் கொடுப்பதில்தான் தவறு. சிலர் பிரசவத்துக்கே வளர்க்கப் போகிறவளின் ஐ.சி.யைக் கொண்டுபோய், அவளே பெற்றதாகப் பதிந்துவிடுகிறார்கள். அது பொய்ப் பதிவு, குற்றம். பின்னால் அந்தப் பிள்ளையின் ஐ.சி.யே சிக்கலில் மாட்டும்.

சரியான முறை இது. பெற்றவள் பெயரிலேயே பிறப்பைப் பதிய வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. சமூகநல இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளை தத்தெடுப்பவரிடம் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வளர வேண்டும். பிறகு நீதிமன்றம் உத்தரவு தரும். பெற்றவளின் சம்மதம் வேண்டும். முஸ்லிம்களுக்குத் தத்துப் பதிவுக்கென்று தனிச் சட்டம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கைமாற்றுவது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி குற்றம். "ஆஸ்பத்திரிச் செலவையும் பாத்துக்கிறோம், மேலே காசும் தர்றோம்" என்று வரும் தரகனிடம் ஏமாறாதீர்கள்.

பெற்றபின் பயந்து பிள்ளையைப் படிக்கட்டிலோ குப்பைத் தொட்டியிலோ போட்டுவிட்டுப் போகும் செய்தியைப் பேப்பரில் படித்து உச்சுக் கொட்டுகிறோம். குழந்தையைக் கைவிடுவதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அந்த நிலைக்குப் போக வேண்டியதே இல்லை. பெட்டாலிங் ஜெயாவிலேயே 2010இல் ஓர்ஃபன்கேர் அமைப்பு நாட்டின் முதல் குழந்தைத் தொட்டிலைத் திறந்தது. காயமில்லாமல் குழந்தையை அங்கே வைத்துவிட்டுப் போகலாம். அதைவிட, முன்கூட்டியே நேரில் போய்ப் பேசினால் பதிவும் தத்தும் ஒழுங்காக நடக்கும். பிள்ளைக்குப் பிற்காலத்தில் அடையாளச் சிக்கல் இராது.

வழி மூன்று: மருத்துவர் மூலம் கருவை நிறுத்துவது. "மலேசியாவில் அது முழுக்கக் குற்றம்" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கியபின் என்றால் ஏழு ஆண்டு வரை. ஆனால் அதே பிரிவில் 1989இல் ஒரு திருத்தம் வந்தது. கருவைத் தொடர்வதால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ, கருவை நிறுத்துவதைவிட அதிக ஆபத்து என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் செய்வது குற்றமல்ல. 2012இல் சுகாதார அமைச்சு தன் மருத்துவமனைகளுக்கு இதுபற்றி வழிகாட்டியும் வெளியிட்டது.

ஆக, இங்கே "வேண்டாம்" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிச் சட்டம் அனுமதிக்கவில்லை. டாக்டரின் மருத்துவக் கருத்து வேண்டும். அதனால் டாக்டரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். இருதய நோய், சர்க்கரை, முந்திய பிரசவத்தில் பட்ட பாடு, தூக்கமில்லாமை, அடி உதை, பலாத்காரம், சாகத் தோன்றும் எண்ணம், எதையும் மறைக்காதீர்கள். வெட்கத்தில் விழுங்கிய விஷயம்தான் சில நேரம் சட்டப்படி உங்களுக்கு உதவும் விஷயமாக இருக்கும். ஒரு டாக்டர் தம் மனச்சாட்சிப்படி மாட்டேன் என்றால், வேறு யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். சீக்கிரமாகச் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும், சம்மதிக்கும் டாக்டரும் குறைவார்.

இந்தச் சட்டத்தின் வேர் வெள்ளைக்காரன் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டம். ஒரே வேரிலிருந்து வந்த சட்டத்தை இந்தியா 1971இல் தனிச் சட்டம் போட்டுத் தளர்த்தியது. இலங்கையில் இன்னமும் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி. நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு இங்கே நடக்க முடியாது.

சட்டத்தின் இந்த விலக்கு தெரியாததால் வரும் விபரீதத்துக்கு ஓர் உதாரணம். 2014இல் பினாங்கு மாநிலத்தில் நேபாளத் தொழிலாளிப் பெண் ஒருவர், கருவின் ஆரம்ப வாரங்களிலேயே கிளினிக்குக்குப் போய்க் கருவை நிறுத்தியதற்காகக் கைதாகி, ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் துணை நின்றார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது. தனியாக நின்றபோது சிறை. பக்கத்தில் நாலு பேர் நின்றபோது விடுதலை. சங்கம் என்பதன் பொருளும் அதுதானே!

போகக் கூடாத வழி

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உயிரைப் பற்றிப் பேசுவோம். எருக்கங்குச்சி, கம்பி வைப்பது, வயிற்றை மிதிப்பது, பேர் தெரியாத கஷாயம், கைப்பேசியில் விளம்பரம் பார்த்துப் பேர் தெரியாதவனிடம் வாங்கும் மாத்திரை, இவை எதுவும் வேண்டாம். பப்பாளியும் அன்னாசியும் கருவைக் கலைக்கும் என்று நம்பிக் காத்திருந்து வாரங்களைத் தொலைத்தவர்கள் பலர். குச்சி வைத்தால் கருப்பை கிழியும், சீழ் பிடிக்கும், ரத்தத்தில் விஷம் ஏறும். பிழைத்தாலும் பிறகு பிள்ளை தங்காமல் போகலாம். முகம் தெரியாதவன் விற்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கரு குழாயில் இருந்தால் எந்த மாத்திரையும் உதவாது; உயிருக்கே ஆபத்து.

இதை ஏற்கெனவே செய்துவிட்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், காய்ச்சலோ குளிரோ வந்தால், துர்நாற்றத்தோடு நீர் வந்தால், வயிறு கல்லாக வலித்தால், மயக்கம் வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்திருந்தால் உயிர் போகும்.

மூன்றாம் படி: முடிவு யாருடையது?

"அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?" என்று அந்தத் தங்கை கேட்டால், நல்ல அக்கா முடிவு சொல்ல மாட்டாள், கேள்விகளைத்தான் கொடுப்பாள். சுமக்கப் போவது அவள், வலி படப் போவது அவள். மாமியாரோ காதலனோ சங்கத்து அக்காவோ அவளுக்குப் பதிலாகச் சுமக்க முடியாது. ஒரு தாளில் இவற்றை எழுதி, இரண்டு மூன்று நாள் யோசிக்கட்டும்:

1. டாக்டர் கணக்கில் எத்தனை வாரம்? எத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும்?
2. என் உடம்பு தாங்குமா? டாக்டர் என்ன சொன்னார்?
3. இப்போது இருக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பது? வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யாரிடம் விடுவேன்?
4. உண்மையாகவே கூட நிற்கப் போகிறவர் யார்? பேச்சுக்குச் சொல்கிறவர் யார்?
5. யாரும் என்னை மிரட்டாவிட்டால், காசுக்கும் கவலை இல்லாவிட்டால், என் மனம் எந்தப் பக்கம் சாயும்?
6. ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் எந்த முடிவோடு என்னால் வாழ முடியும்?

ஐந்தாம் கேள்வி முக்கியம். பெற்றுக்கொள் என்று மிரட்டுவதும் தவறு, கலைத்துவிடு என்று மிரட்டுவதும் தவறு. மதம், மனச்சாட்சி, குடும்பம் எல்லாவற்றையும் அவள் எடை போடட்டும். தராசு அவள் கையில் இருக்கட்டும்.

பெண் 16 வயதுக்கு உட்பட்டவளாக இருந்தால், அவள் சம்மதித்தாலும் சட்டப்படி அது பலாத்காரம். குடும்ப மானம் என்று மூடி மறைத்து, செய்தவனுக்கே கட்டி வைக்க ஓடாதீர்கள். பலாத்காரத்துக்கு ஆளானவர் எந்த வயதானாலும் பெரிய அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். டாக்டர், போலீஸ், சமூகநல இலாகா மூவரையும் ஒரே இடத்தில் சந்திக்க அங்கே ஏற்பாடு இருக்கிறது.

மனம் உடைந்து, செத்துப் போகலாம் என்று தோன்றினால், அந்த நொடியே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் 15999 தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் அப்படிப்பட்ட பெண்ணைத் தனியே விடாதீர்கள். மருந்துக் கொட்டகைச் சாவியைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

கூடப் பிறந்தவள், பெற்ற மகள் இந்த நிலையில் வந்து நின்றால் கை ஓங்குவதற்கு முன் கிளினிக்குக்கு வண்டியை எடுங்கள். காரணமானவரே நீங்கள் என்றால், ஒதுங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் மாதாமாதம் செலவுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

இனி வராமல் தடுக்க

"பால் கொடுக்குறவரைக்கும் தங்காது" என்று பாட்டி சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் மூன்று நிபந்தனையோடு: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது, தூரம் திரும்ப வந்திருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. பால் கொடுக்காதவளுக்குப் பிரசவித்த நாலாவது வாரத்திலேயே கரு தங்க வாய்ப்பு உண்டு.

தினசரி மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, கையில் வைக்கும் மூன்று வருடக் குச்சி, பல வருடம் உழைக்கும் கொப்பர் வளையம், ஆணுறை, இனி பிள்ளையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆணுக்கோ பெண்ணுக்கோ ஆபரேஷன், என்று வழிகள் உண்டு. ஆணுக்குச் செய்வது பெண்ணுக்குச் செய்வதைவிடச் சிறிய ஆபரேஷன். அதனால் பலமும் போகாது, ஆண்மையும் போகாது. சிலாங்கூரில் 1953இலேயே குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கிவிட்டது. 1966இல் அரசாங்கமே வாரியம் அமைத்தது. அதுதான் இன்றைய எல்.பி.பி.கே.என். அரசாங்கக் கிளினிக், எல்.பி.பி.கே.என். கிளினிக், குடும்பத் திட்டச் சங்கக் கிளினிக், மூன்றிலும் கேட்கலாம்.

சகோதரிகளே, பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். தேதியை எழுதி வையுங்கள். நாள் தள்ளினால் அந்த வாரமே பரிசோதியுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். முடிவு எதுவானாலும், பெற்றாலும், கொடுத்தாலும், நிறுத்தினாலும், அவளை ஒதுக்காதீர்கள். நாளைக்குக் குழாயடியில் ஒரு பெண்ணைப் பற்றிக் குசுகுசுப்பு எழுந்தால், நீங்கள் அதில் சேராமல் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "வா தங்கச்சி, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.